பேத்தியின் கேள்விகளும் பெரியவர்களின் விசுவாசமும்



பவுல் அப்போஸ்தலர், விலங்கிடப்பட்டுச் சிறையிலிருந்த தம் கடைசிக் காலத்தில், தமக்கு மகனைப்போல் இருந்த தீமோத்தேயு என்னும் வாலிபனுக்கு எழுதியதாக வழங்கும் இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, அவனுடைய விசுவாசத்தை மெச்ச வந்தவர், அந்த விசுவாசம் அவனுக்கு முன்னே அவனைப் பெற்ற தாயிடத்திலும், அவளுக்கும் முன்னே அவனுடைய பாட்டியிடத்திலும் குடிகொண்டிருந்ததை நினைவுகூர்ந்து, லோவிசாள் என்று அந்தப் பாட்டியின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். வேதாகமத்தில் அந்த அம்மையாரைப் பற்றி வேறெங்கும் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆயினும் அவர் வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. தீமோத்தேயுவின் தாய் யூத குலத்தவள், தகப்பனோ கிரேக்கன். இப்போது துருக்கி தேசத்தைச் சேர்ந்ததாக இருக்கும் லீஸ்திரா பட்டணத்தில், இரண்டு குலங்களின் வழக்கங்களும் கலந்து நடந்த ஒரு குடும்பத்தில், மருமகனுடைய மனம் கோணாமலும் தன் மனச்சாட்சி கோணாமலும் அந்தப் பாட்டி பேரனுக்கு வேதத்தை ஊட்டியிருக்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளிடம் கிறிஸ்து மார்க்கத்தைப் பற்றிப் பேசுவது எப்படி என்று என்னைப்போல் வயதானவர்கள் சிலர் கூடிப் பேசும்போதெல்லாம், இந்த லோவிசாளின் வீடுதான் என் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் பிள்ளையை வளர்க்கிற பொறுப்பும் அதிகாரமும் அதன் தாய் தகப்பனுக்கு உரியவை. நாம் அந்த வீட்டில் மதிக்கப்படுகிற விருந்தாளிகள், அவ்வளவே. பெற்றோர் வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றை அவர்கள் கண்ணுக்குத் தப்பிப் பிள்ளையின் காதில் போடுவது, அது வேத வசனமாகவே இருந்தாலும், நேர்மையான காரியமன்று என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெற்றோருக்கு வாய்க்காத பாக்கியம் ஒன்று நமக்கு உண்டு: அலுவலகத்துக்கு ஓடவேண்டிய அவசரமோ, பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்புவிக்கச் செய்யவேண்டிய கட்டாயமோ நமக்கு இல்லை. பிள்ளை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அணில் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய், சாவகாசமாகத் திரும்பிவந்து அதே கேள்வியை மறுபடியும் கேட்கும்வரையில் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க நம்மால் முடியும்.

கேள்வி என்று சொன்னேனே, அதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் பிள்ளைகளுக்குப் போதிப்பதைப் பற்றி வரும் இடங்கள் சிலவற்றை ஊன்றிப் பார்த்தால், முதலில் வாய் திறப்பவர் பெரியவர் அல்லர், பிள்ளை என்பது விளங்கும். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் விடுதலையான இரவை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஏற்படுத்துகிறபோது, இந்த ஆராதனைக்கு என்ன கருத்து என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று யாத்திராகமம் விதிக்கிறது. யோர்தான் நதியைக் கடந்தபின், நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களைச் சுமந்துவந்து கில்காலில் நாட்டச் சொன்ன யோசுவாவும் அதே காரணத்தைத்தான் சொல்லுகிறார்: பின்னாளில் பிள்ளைகள் அந்தக் கற்களைப் பார்த்து, இவை என்னவென்று கேட்கவேண்டும். பிரசங்கம் செய்வதற்கு முன்னே, கேள்வி பிறப்பதற்கான ஒரு பொருளைக் கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டுப் பெரியவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. நம்மில் பலர் இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்கிவிட்டு, பிள்ளை கேட்காத கேள்விக்கெல்லாம் நீண்ட விடைகளைச் சொல்லி, அது கேட்கிற கேள்விக்கு, "அதெல்லாம் பெரியவனானால் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்படிப்பட்ட கற்கள் அநேகம் இருந்தன. குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மடித்து நிலைக்கு மேலே செருகிவைப்பார்கள். அது அங்கேயே காய்ந்து பழுப்பேறி அடுத்த ஆண்டு வரையில் இருக்கும். குடும்ப வேதாகமத்தின் முதல் ஏட்டில் பாட்டன் காலத்திலிருந்து பிறந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், நித்திரையடைந்தவர்கள் பெயரெல்லாம் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மையில் எழுதியிருக்கும். தன் பெயரும் அங்கே இருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்ட குழந்தை, தனக்கு மேலே உள்ள பெயர்களெல்லாம் யாருடையவை என்று கேளாமல் விடாது.

இவை எல்லாவற்றையும்விட மேலானதென்று நான் எண்ணுவது கைப்பிடி அரிசி. இதை அறியாத நேயர்களுக்காகச் சற்று விவரிக்கிறேன். உலையில் போடுவதற்காக அரிசியை அளந்து முறத்தில் கொட்டியவுடன், களைவதற்கு முன்பாக, வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவாள். மாத முடிவில் அது கோயிலுக்குப் போகும். அங்கே விற்றோ, அப்படியே ஏழைகளுக்கு அளந்தோ செலவாகும். இதில் கவனிக்கவேண்டியது, சமைத்து மிஞ்சியதை எடுத்துக் கொடுப்பதன்று, சமைக்குமுன் நம் பங்கிலிருந்து குறைத்துக் கொடுப்பது என்பதாகும். என் மனைவி இந்த வழக்கத்தை இன்னும் விடவில்லை. ஒரு நாள் காலையில், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிராத எங்கள் பேத்தி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"ஆச்சி, இது யாருக்கு?"

"ஆண்டவருக்கும்மா."

"ஆண்டவரு சோறு திம்பாரா?"

"அவரு திங்கமாட்டாரு. பசியோட இருக்கவங்க தின்னா அவருக்குப் பசியாறிரும்."

குழந்தை சிறிது நேரம் கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இன்னொரு கை போடு ஆச்சி. அவருக்கு ரொம்பப் பசிக்கும்லா" என்றாள்.

மத்தேயுவின் சுவிசேஷத்தில் இருபத்தைந்தாம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் பல. பசியாயிருந்தவனுக்கு இட்டதைத் தமக்கே இட்டதாக நியாயாதிபதி ஏற்றுக்கொள்ளும் அந்த உவமானத்தை வியாக்கியானம் செய்ய வேதபண்டிதர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். அடுப்படியில் அது நாலு வாக்கியத்தில் முடிந்தது. முடிந்ததோடு நில்லாமல் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகவும் விழுந்தது. இப்படிச் சிறுகச் சிறுகச் சேரும் காணிக்கைகள் எவ்வளவு தூரம் போகும் என்று பிற்பாடு அவள் கேட்டால் சொல்வதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரமே இருக்கிறது. வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் 1874-ஆம் ஆண்டு பிறந்த அசரியா என்பவர், தம்மையொத்த இளைஞர்களுடன் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஸ்தாபித்தபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்நாட்டுச் சபையாரின் கொடையைக்கொண்டே ஊழியம் நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். நிஜாம் சமஸ்தானத்துத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு அவர்கள் ஊழியர்களை அனுப்பினார்கள். 1912-இல் அசரியா அந்தத் தோர்ணக்கலுக்கே அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றது அதுவே முதல் தடவை.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். டென்மார்க் தேசத்து அரசர் அனுப்ப, 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் என்னும் ஜெர்மானிய இளைஞருக்கு அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்தார் என்றால், தமிழ் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கே பிள்ளைகளோடு வரவழைத்துப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, அந்தச் சிறுவர்கள் நடுவே தாமும் தரையில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். ஒன்பது ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. இந்திய பாஷை ஒன்றில் புதிய ஏற்பாடு அச்சேறியது அதுவே முதலாவது. உபதேசம் செய்ய வந்தவர் முதலில் பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் உட்கார்ந்தார் என்ற இந்த விருத்தாந்தத்தை, சாய்வு நாற்காலியிலிருந்து இறங்க மனமில்லாத தாத்தாக்களுக்காகவே நான் அடிக்கடி எடுத்துச் சொல்லுவதுண்டு.

மனப்பாடத்தைப் பற்றி இக்காலத்தில் பலருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பொருள் விளங்காததைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லவைப்பது குற்றம் என்கிறார்கள். நான் அவர்களோடு பாதியளவு உடன்படுகிறேன். அதட்டியும் பிரம்பைக் காட்டியும் ஒப்புவிக்கச் செய்த வசனம், ஆயுள் முழுவதும் பிரம்பின் வாசனையோடுதான் நினைவுக்கு வரும். ஆனால் மார்ட்டின் லூத்தர், கிராமங்களில் ஜனங்களின் அறியாமையைக் கண்டு மனம் நொந்து, 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை வினாவிடையாக எழுதியபோது, குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் அதை அமைத்தார் என்பதும், தாமே ஒரு வேதசாஸ்திரியாயிருந்தும் அந்த உபதேசத்தைத் தினந்தோறும் ஒரு குழந்தையைப்போலத் திரும்பச் சொல்லி வருவதாக எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கவை. பிள்ளையை ஒப்புவிக்கச் சொல்லுவதற்குப் பதிலாகப் பிள்ளையோடு சேர்ந்து சொல்லுவது வேறு விஷயம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நானும் பேத்தியும் மாலையில் சேர்ந்து சொல்லும்போது, மரண இருளைப் பற்றிய இடத்தில் என் குரல் இறங்குகிறதென்றும், எண்ணெய் வார்க்கும் இடத்தில் அவள் குரல் ஏறுகிறதென்றும் என் மனைவி சொல்லுகிறாள். அவரவர் வயதுக்கு ஏற்றது அவரவருக்கு. தமிழ்நாட்டில் இசைக்குரிய பங்கும் பெரிது. திருநெல்வேலிச் சீமையில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி என்றும் கும்மி என்றும் ஜனங்களுக்குப் பழக்கமான உருவங்களில் கிறிஸ்து மார்க்கத்தைப் பாடிவைத்ததனால், எழுத்தறியாத பாட்டிகளும் தலைமுறை தலைமுறையாக உபதேசியார்களாக இருக்க முடிந்தது.

இனி, செய்யக்கூடாத ஒன்று. "சாமி கண்ணைக் குத்திடும்" என்கிற பயமுறுத்தல் நம் நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுச் சொத்து. கிறிஸ்தவர்கள் சாமிக்குப் பதிலாக இயேசப்பா என்று மாற்றிக்கொண்டதைத் தவிர வேறு சீர்திருத்தம் ஒன்றும் செய்துவிடவில்லை. சோறு தின்னாத பிள்ளையையும் தூங்காத பிள்ளையையும் பணியவைப்பதற்குக் கடவுளைக் காவல்காரராக நியமிப்பது நமக்கு எவ்வளவோ சௌகரியந்தான். ஆனால் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது ஆண்டவர் விசனமடைந்து, அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அணைத்துக்கொள்ளப்பட்டவர்கள் பிள்ளைகள், கடிந்துகொள்ளப்பட்டவர்கள் பெரியவர்கள். சோற்றுக்காகவும் தூக்கத்துக்காகவும் அந்தச் சித்திரத்தைக் குழந்தையின் மனத்தில் அழித்துவிட்டால், பிற்காலத்தில் அதைத் திரும்ப எழுத எந்தக் குருவானவராலும் ஆகாது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்விகள் பெரிய வெள்ளிக்கிழமையன்று வரும். மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரையில் நடக்கும் ஆராதனையில், சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளையும் பற்றி ஏழு தியானங்கள் கேட்டுவிட்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்துவரும் வழியில் பேத்தி கேட்டாள்: "அவர ஏன் தாத்தா கொன்னாங்க?" ஆணியையும் இரத்தத்தையும் விஸ்தரித்துச் சொல்லிக் குழந்தையை அழவைப்பதில் திருப்திகாணும் பெரியவர்கள் உண்டு. யூதர்கள் கொன்றார்கள் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுகிற வழக்கமும் நம் பிரசங்கபீடங்களில் இருக்கிறது. அந்தப் பதில் ஐரோப்பாக் கண்டத்தில் எத்தனை நூற்றாண்டுகள் என்னென்ன கொடுமைகளுக்கு ஏதுவாயிற்று என்பதை உலகம் அறியும். ஆண்டவரும் யூதர், அவரைப் பெற்ற தாயும் யூதப் பெண், அவரைப் பற்றி எழுதிவைத்த அப்போஸ்தலர்களும் யூதர்கள். ஆகையால் நான், "அவரு எல்லாரையும் சேத்துக்கிட்டாரும்மா. அது பிடிக்காதவங்க பயந்துபோயிக் கொன்னுட்டாங்க" என்றேன்.

"அவரு கூட இருந்தவங்கள்லாம் எங்க போனாங்க?"

"ஓடிப்போயிட்டாங்க. பொம்பளைங்க சிலபேரும், ஒரே ஒரு சீஷரும் மட்டும் நின்னாங்க."

"ஆச்சின்னா நின்னிருப்பாங்க" என்று அவள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டு, "நீங்க ஓடியிருப்பீங்களா தாத்தா?" என்றாள்.

அன்றைக்குக் கேட்ட ஏழு தியானங்களில் எதுவும் என்னை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை. "ஓடித்தான் இருப்பேம்மா. ஆனா பேதுரு மாதிரித் திரும்பி வந்திருப்பேன்" என்று சொன்னேன். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாயிற்று. என் கையை விட்டுவிடாமலே வீடு வரையில் வந்தாள்.

மூன்றாம் நாள் ஈஸ்டர் பண்டிகை. எங்கள் ஊரில் இருட்டோடு எழுந்து கல்லறைத் தோட்டத்தில் கூடி, மெழுகுவர்த்திகளை ஏற்றிப் பாட்டுப் பாடி ஆராதிப்பது வழக்கம். என் தாயாரின் கல்லறையருகே நின்றபோது, "பூட்டி உள்ள படுத்திருக்காங்களா?" என்று பேத்தி கேட்டாள். உடம்பு இங்கே இருக்கிறது, பூட்டி ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள் என்றேன். "அப்ப ரெண்டு பூட்டியா?" ஆத்துமாவையும் சரீரத்தின் உயிர்த்தெழுதலையும் குறித்து மகான்கள் எழுதிக் குவித்த கிரந்தங்கள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தானே எழுந்தன! "ஒரே பூட்டிதான். அது எப்படின்னு தாத்தாவுக்கும் முழுசாத் தெரியாது. ஆண்டவர் பூட்டிய மறக்கமாட்டாருன்னு மட்டும் தெரியும்." தெரியாது என்ற சொல்லைத் தாத்தாவின் வாயிலிருந்து கேட்பதனால் குழந்தையின் விசுவாசம் குறைந்துவிடுமென்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி, பின்னாளில் அது கண்டுபிடிக்கப்படும்போது, தெரிந்து சொன்னதையும் சேர்த்து அல்லவா குழந்தை சந்தேகிக்கும்!

பேத்தியின் பக்கத்து வீட்டுத் தோழி திருச்செந்தூருக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்த அன்று, "முருகனுக்கும் நம்ம ஆண்டவருக்கும் சண்டையா?" என்ற கேள்வியும் வந்தது. நம் நாட்டுப் பிள்ளைகள் கேட்டே தீருவது இது. சண்டை ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டில் அவர்கள் பக்தியாய்க் கும்பிடுகிறார்கள், நம் வீட்டில் நாம் ஆண்டவரைக் கும்பிடுகிறோம், நமக்கு அவர் ஏன் பிரியமானவர் என்று வேண்டுமானால் சொல்லுகிறேன் என்றேன். பிறர் போற்றுவதிலிருந்து கற்றுக்கொண்டே தன் பக்தியைச் சொல்ல முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே கிருஷ்ணபிள்ளை இருந்தார். கரையிருப்பில் 1827-இல் வைஷ்ணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அப்பெரியார், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை வெளியிட்டபோது, இளமையில் கற்ற கம்பனையும் ஆழ்வார்களையும் உதறிவிடாமல், அவர்களிடம் கற்ற தமிழ்நடையைக்கொண்டே தம் இரட்சகரைப் பாடினார்.

கடைசியாக, நிறுத்தவேண்டிய இடத்தைப் பற்றி. ஏறக்குறைய கி.பி. 400-இல் கார்த்தேஜ் நகரத்து தேயோகிராசியஸ் என்னும் ஊழியர், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே உபதேசத்தைச் சொல்லிச் சொல்லித் தமக்கே சலிப்புத் தட்டுகிறதென்று முறையிட்டபோது, ஹிப்போ நகரத்து அகுஸ்தீன் அவருக்கு ஒரு முழுப் புத்தகத்தையே பதிலாக எழுதினார். நாம் பார்த்துப் பழகிப்போன அழகான இடங்களை முதன்முதல் காண்கிறவருக்குக் காட்டும்போது நமக்கும் அவை புதியனவாகிவிடுகின்றன அல்லவா என்று தேற்றியவர், அதே புத்தகத்தில், கேட்கிறவருக்குக் கால் வலித்தால் உட்காரச் சொல்ல வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். குடும்ப ஜெபத்தைப் பெரியவர்களின் அளவுக்கு நீட்டாமல் குழந்தையின் அளவுக்குக் குறுக்குவதும், இடையிடையே அதன் சொந்த வார்த்தையில் அதையே ஜெபிக்கவிடுவதும் நலம். அப்படி விட்டால் அது என்ன கேட்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். சென்ற வாரம் தன் டீச்சருக்குக் காய்ச்சல் சீக்கிரம் குணமாகவேண்டும் என்று உருக்கமாக ஜெபித்து, ஆனால் திங்கட்கிழமை பரீட்சை முடிவதற்குள் குணமாக வேண்டியதில்லை என்பதையும் ஆண்டவருக்குத் தெரிவித்துக்கொண்டாள். இதற்கு ஆமென் சொல்லுவதா வேண்டாமா என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு கண்ணை மாத்திரம் திறந்து எங்களுக்காகக் காத்திருந்தாள். சொன்னோம்.